சாய்தளம் தயார்

இது முதல் கதை. எழுதத் துணிந்தமைக்கும், இதில் காணும் குறைகளுக்கும் வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

“மூணு படி இருக்கே! சக்கர நாற்காலியில வர்றவங்க என்ன, பறந்தா வருவாங்க?”

அதிகாரியின் குரல் கேட்டு எழுத்தர் வாசலுக்கு ஓடி வந்தார். ‘அனைவரும் வருக, அனைவரும் பேசுக’ என்ற பதாகை மண்டப வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. மக்கள் குறைதீர் கூட்டம் தொடங்க ஒரு மணி நேரமே இருந்தது.

“தச்சர்கிட்ட சொல்லியிருந்தேன், சார். நேத்து கையை விரிச்சுட்டார்.”

“காரணம் வேண்டாம்யா. சாய்தளம் வேணும்.”

எழுத்தருக்கும் அதுவேதான் வேண்டியிருந்தது. சுகாதார நிலையத்துக்குச் சாய்தளம் கேட்டு, சக்கர நாற்காலியில் தனியாக வாழும் தையல்காரம்மா ஓராண்டில் பதினொரு மனுக்கள் அனுப்பியிருந்தார். மனுதாரர் இன்று நேரில் வந்து பேசினால் ஒப்புதல்; வராவிட்டால் கோப்பு மூடப்படும். “தைரியமா வாங்கம்மா. உள்ளே வர்றதுக்கு நான் பொறுப்பு” என்று தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தார் எழுத்தர்.

“அண்ணே, எங்கேயாவது ஒரு பலகை பாருங்க. என் மானம் உங்க கையில.”

ஓய்வுபெற இரண்டே மாதம் இருந்த அலுவலக உதவியாளர் கைவண்டியை உருட்டிக்கொண்டு கிளம்பினார். ஆமை நடை நடப்பதால் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அன்று மட்டும் பெயரைக் காப்பாற்றினார். அரை மணி நேரத்தில், இருபுறமும் விளிம்பு அடித்து, வழுக்காமல் ரப்பர் ஒட்டிய அருமையான சாய்பலகையோடு வந்து நின்றார்.

“தெய்வம்ணே நீங்க! எங்கே பிடிச்சீங்க?”

“விசாரணை அப்புறம்” என்று அதட்டினார் அதிகாரி. “முதல்ல போடுங்க. போட்டோக்காரர் வந்தாச்சு.”

அளவெடுத்துச் செய்ததுபோல் பலகை படிகளில் பொருந்தியது. அதன் ஆணியில் சிக்கியிருந்த சிவப்பு நூலை எழுத்தர் பிய்த்தெறிந்தார். அதிகாரி அதன்மேல் நின்று புன்னகைத்தார்.

“எல்லாரும் போனை சைலண்ட்ல போடுங்க!”

கூட்டம் தொடங்கியது. எழுத்தரின் கண்கள் வாசலை விட்டு அகலவில்லை. சாய்பலகையில் ஏறி வந்தவை இரண்டு காக்கைகள் மட்டுமே.

“பார்த்தியாய்யா? மனு எழுத மட்டும் கை நீளும். கூப்பிட்டா காலைக் காணோம்.”

“இன்னும் அஞ்சே நிமிஷம், சார்…”

“ஏன், உன் கூடப்பொறந்த அக்காவா?”

மண்டபம் சிரித்தது. ‘மனுதாரர் வரவில்லை. ஆர்வமின்மையால் கோப்பு மூடப்படுகிறது’ என்று எழுத்தர் தம் கையாலேயே எழுதினார். இப்படிக் கழுத்தறுத்துவிட்டாரே என்று தையல்காரம்மாவின்மேல் அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

மண்டபம் காலியான பிறகுதான் கைபேசியை எடுத்துப் பார்த்தார். ஒன்பது தவறிய அழைப்புகள். ஒன்பதும் தையல்காரம்மா.

வாசலில் எக்ஸ்பிரஸ், பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“எடுத்த இடத்துலயே போட்டுட்டு வந்துடறேன், சார். பாவம், கேக்காம கொண்டாந்துட்டேன்.”

“யாரோடதுண்ணே?”

“யாரோ தெரியலை, சார். அடுத்த தெரு, பச்சைக் கதவு வீடு. வாசப்படியில கிடந்துச்சு. உள்ளே தையல் மிஷின் சத்தம் கேட்டுச்சு. வேலையா இருக்கறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு, சத்தமில்லாம தூக்கிட்டு வந்துட்டேன்.”

இழந்தவை: மனுக்கள் பதினொன்று, ஆண்டு ஒன்று, சாய்தளம் ஒன்று, வாக்கு ஒன்று.