கல்புமானின் கடைசிப் பேச்சு

“எங்கண்ணன் சாகும்போது சூரியனோடயா பேசிக்கிட்டுக் கிடந்தான்? அதை அடிச்சுடுங்க ஐயா!”

“அடிச்சுட்டா என் காவியத்துல என்னடி மிஞ்சும்?”

அந்தக் காலத்துச் சண்டைக்கு இருந்த ருசி இப்போது ஏது? ஆற்றங்கரைக் கோட்டைத் தெருவில் நாங்கள் சுவரோடு சுவராக நின்று கேட்டோம். கத்தியவள் கிந்துராய், தளபதி வீட்டில் சமைத்த, சிலி நாட்டு மாபுச்சே பழங்குடிப் பெண். பதிலுக்குக் கத்தியவர் தளபதி தோன் ஃபெர்மின். ஸ்பெயினிலிருந்து அவள் ஜனங்களோடு போரிட வந்தவர், பிறகு அவர்களையே பாட்டாக எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் கப்பலில் அது அச்சுக்குப் போகிறது. அதில் அவள் அண்ணன் கல்புமான் சூரியனைப் பார்த்துப் பக்கம் பக்கமாக இடிமுழக்கம் செய்த பிறகுதான் உயிரை விடுகிறான்.

“வேற எப்படித்தான் பேசுவான்?”

“உட்காருங்க, சொல்றேன்.” அண்ணனைப் போலவே நிதானமாக ஆரம்பித்தாள். “அம்மா சுகமா? முழங்கால் வலி தேவலையா? இந்த மழைக்குக் கூரை தாங்குதா? ஆடு குட்டி போட்டுச்சா? இதெல்லாம் கேட்காம அவன் வேற பேச்சே எடுக்கமாட்டான்.”

தளபதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தே பல வருஷமாயிற்று என்கிற இடத்தில் அழுதுவிட்டார். மறுநாள் பாட்டோடு அவரும் கப்பலேறினார்.

புத்தகம் வந்தது. கல்புமான் இடி குறையாமல் முழங்கிக்கொண்டிருந்தான். கிந்துராய் அந்த மழைக்காலத்தில் ஒரு குதிரைக்காரனைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். படகில் ஏறும்போது, “ஐயாவோட அம்மா சுகமா இருக்காங்களாமா?” என்று கேட்டாள். யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுவரை அறிந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.