விலை கேட்க வருகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒஹையோவில் கண்காட்சித் திடலின் தகரக் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை கலையப் போகிறது. கடைசி மேசையில் கிழவர் வெர்லின் மட்டும் எதையும் எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் பச்சைக் கம்பளித் துணியின் மேல், துப்பாக்கியில் மாட்டுகிற, நூறு தோட்டா கொள்ளும் வட்டமான தோட்டாக்கூடு ஒன்று எண்ணெய் பூசிய வாணலி போல மினுங்குகிறது. மனைவி போன பிறகு, சேர்த்து வைத்ததையெல்லாம் விற்றுவிட்டார்; மிச்சம் இது ஒன்றுதான். சரக்கு இல்லாதவருக்குச் சந்தையில் மேசை கிடையாது, கண்ணுகளா. அதனால் ஒவ்வொரு முறையும் யாரும் வாங்க முடியாத விலையாகப் பார்த்துச் சீட்டில் எழுதி ஒட்டுகிறார். விலை கேட்கிறவர்கள் நின்று, கேலி செய்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். அது போதும் அவருக்கு.

தொப்பிக்காரன் ஒருவன் குனிந்து சீட்டைப் பார்க்கிறான்.

"என்ன பெருசு, தொள்ளாயிரம் டாலரா? உள்ள தங்கமா வச்சிருக்க?"

வெர்லின் முகம் மலர்கிறது. பிளாஸ்கைத் திறந்து இன்னொரு கோப்பையில் காப்பி ஊற்றுகிறார்.

"உக்காருப்பா. இது என் கைக்கு வந்த கதையச் சொல்றேன்."

"கதைக்கெல்லாம் நேரமில்ல. இந்த மாதிரி கூட்டுக்கெல்லாம் தடை வரப்போகுதுன்னு காலைல நியூஸ்ல சொல்லிட்டான். அடுத்த வாரம் இது ரெண்டு மடங்கு போவும். இந்தா, புடி."

நோட்டுகள் மேசையில் விழுகின்றன. வெர்லினின் கை கூட்டின் மேலேயே இருக்கிறது. சீட்டில் எழுதிய விலையிலிருந்து பின்வாங்குகிறவரை இந்தச் சந்தையில் யாரும் மதிப்பதில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன.

அவன் போய்விட்டான். வழியில் போகிறவர்கள் மேசையைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். கம்பளியில் வட்டமாக ஒரு பள்ளம். வெர்லின், ஆவி பறக்கும் அந்தக் கோப்பையை எடுத்து, அதன் நடுவில் வைக்கிறார்.