முதலில் பறந்தது

"டைரக்டரோடதுதான் முதல்ல பறக்கும், பாருங்க" என்றாள் லூ யின்ஹே, கண்ணைக் கட்டும் துணியை மடித்தபடி.

"யாரு சொன்னா?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த சே மேஸ்திரி. ட்ரோன்களுக்கு மோட்டாரும் பேட்டரியும் பொருத்துகிறவர்.

"யாராவது சொல்லணுமா? விருந்துல அவர் மீனைத் தொடாம நாம தொடுறோமா? லிஃப்ட்ல அவர் ஏறாம நாம ஏறுறோமா? அதுவும் இப்ப மணி ஏழு. மதிலுக்கு அந்தப் பக்கம் பூங்காவுல அக்காங்க எல்லாம் பாட்டு போட்டு ஆடுற நேரம். இந்தச் சத்தத்துல லாரி பறந்தாக்கூட கேக்காது. ஏழரைக்குப் பாட்டு நின்னதும் என்னோடதை விடுவாங்க."

"காலையில நூடுல்ஸ்ல மிளகாய் தூக்கலா? பேசாம உக்காரு."

செங்டு நகரத்து ராணுவ ட்ரோன் ஆய்வுக்கூடத்தில் அன்று கடைசிச் சோதனை. போட்டியில் இரண்டு உளவு ட்ரோன்கள். ஒன்று கோங் டைரக்டர் வடிவமைத்தது. இன்னொன்று யின்ஹேயுடையது. மோட்டார் இரண்டுக்கும் ஒன்றுதான், விசிறிதான் வேறு. யின்ஹே, சத்தமே இல்லாமல் பறக்கும் ஆந்தையின் இறகைப் பார்த்துப் பார்த்து, விசிறியின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டியிருந்தாள்.

எட்டுப் பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு மைதானத்தில் உட்கார வேண்டும். செய்தவர்களும் சேர்த்துத்தான். எது முதலில் பறக்கும் என்று சொல்ல மாட்டார்கள். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். ஒரே ஒரு கை உயர்ந்தாலும் அந்த ட்ரோன் கிடங்குக்குப் போய்விடும், செய்தவர் கையேடு எழுதும் பிரிவுக்கு.

வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் யின்ஹே. 'கையேடு எழுதப் போறேன்' என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

விசில் ஒலித்தது.

மதிலுக்கு அப்பால் மேளமும் பாட்டும் அமர்க்களப்பட்டன. அதற்குள்ளே ஊசி நுழைவது போல ஒரு மெல்லிய ரீங்காரம். சந்தேகமே இல்லை, தலைக்கு நேர் மேலே.

யாராவது கை தூக்கியிருப்பார்களா? மாட்டார்கள். டைரக்டருடையதாயிற்றே.

யின்ஹே கையைத் தூக்கப் போனாள். ஒரு முரட்டுக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது.

"விடுங்க மேஸ்திரி."

"கொசுவா இருக்கும். சும்மா இரு."

"கொசு எது, ட்ரோன் எதுன்னு எனக்குத் தெரியும். டைரக்டருக்கு நல்ல பிள்ளையா நடக்க உங்களுக்கு ஆசை. எனக்கு இல்ல."

"சின்ன லூ, சொன்னாக் கேளு."

அவள் உதறினாள். கையைத் தூக்கினாள், முழு நீளத்துக்கும்.

மறுபடி விசில். எல்லோரும் கட்டை அவிழ்த்தார்கள். ஓரமாக நின்று குறிப்பெடுத்தவர் வாசித்தார்: "முதல் ட்ரோன். சத்தம் கேட்டவர் ஒருவர். தோல்வி."

யின்ஹே டைரக்டரின் முகத்தைப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டு எழுந்து, நேரே அவளிடம் வந்தார்.

"மனசைத் தளரவிடாத, சின்ன லூ" என்றார். "பாட்டு நேரத்துல விட்டா உன்னோடது தப்பிச்சுக்கும்னு முதல் வாய்ப்பை உனக்கு வைக்கச் சொன்னேன். இவ்வளவு சத்தத்துலயும் எந்தப் பாவி காதுல விழுந்துச்சோ தெரியல."

அன்று காலை அந்த முதல் ட்ரோனுக்குப் பேட்டரி பொருத்திய சே மேஸ்திரி, குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.

டைரக்டர் எட்டு நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "யாருக்குப்பா கேட்டுச்சு?"

யின்ஹே இரண்டாம் முறையாகக் கை தூக்கினாள். இந்தத் தடவை அது தோளுக்கு மேலே போகவில்லை.