கல் சோழி

தொண்ணூற்றொன்றில், மகள் ரஞ்சனி கம்பெனி வேலைக்குப் போகலாமா என்று மண்ணூர் சுப்பிரமணி வீட்டில் சோழி போடவிருந்தார்கள். வாய் மேலே பார்த்து விழுந்தால் சரி, கவிழ்ந்தால் கூடாது. சுப்பிரமணியின் அம்மா காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம் அது. பெண்பிள்ளைக்கு ஷிப்டு எதற்கென்று சுப்பிரமணியின் அண்ணன் கூடத்தில் முறைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அவர் மனைவி ராஜாமணி தயங்கினாள்.

“இன்னைக்குக் கடல் சோழியப் போடறேங்க.”

“ஏன், உங்க அரியலூர் ஓடையில கெடைச்ச கல் சோழிக்கு இன்னா? அந்தக் காலத்துல அங்க கடல் இருந்தப்ப கல்லா மாறினது, கடல் சோழிக்கெல்லாம் பாட்டன் ஆச்சே அது.”

“அது எப்பவும் வாய் மேலதான் விழுது. கெணறு, தையல் மிஷின், இவ படிப்பு, எல்லாத்துக்கும் தெரிஞ்சேதான் போட்டேன். பொண்ணு விஷயத்துல பொய் வேணாம்.”

சுப்பிரமணி கல் சோழியின் தட்டை முதுகைத் தடவினார்.

“பின்ன கவிழுமா? கல்யாணமான புதுசுல நான்தான் அம்மியில தேச்சேன்.”

ராஜாமணி குனிந்து அந்தத் தேய்ந்த முதுகைப் பார்த்தாள். சுப்பிரமணி சொன்னார்.

“நான் சரின்னா, பொண்டாட்டி பேச்சக் கேக்கறான்னு அம்மா சண்டைக்கு வரும். சோழி சொன்னா ஒத்துக்கும். இப்ப அம்மா எடத்துல அண்ணன்.”

கல் சோழியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“அவரு பாக்கப் போடு. பொண்ணு காலையில ஏழு மணி ஷிப்டுக்குக் கெளம்பணும்.”