எழுபத்து மூன்று கிலோ

"ஏன் ஆன்ட்டி, உங்க வாய்க்கு மட்டும் லீவே கிடையாதா?"

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அம்மாவோடு பார்சல் அலுவலகத்துக்கு வந்த கவுன்ட்டர்காரம்மாவின் மகள், மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி அது. வந்ததும் பிஸ்கட், பதினொரு மணிக்கு சிப்ஸ், நாலு மணிக்கு ரஸ்க், நடுநடுவே மேஜை டிராயரிலிருந்து ஒரு கை கடலை என்று அரைத்துக்கொண்டே பார்சல் பிரித்துப் போட்டவளுக்கு, அன்றிலிருந்து 'மில்லு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்த மில்லு ஓட்டத்தை நிறுத்தி இன்றோடு பதினோரு வாரம்.

"ஏறு, ஏறு. பார்ப்போம்" என்றார் சீல் குத்தும் அண்ணன்.

சனிக்கிழமை, மணி நாலு. மூட்டை நிறுக்கும் தராசில், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள் மில்லு.

"எழுபத்து மூணு, நானூறு."

"அப்போ இன்னும் நானூறு கிராம் இருக்கு." பெருமூச்சோடு இறங்கி, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எண்பத்திரண்டுல இருந்தவ நீ. இவ்வளவு இறங்கினது போதாதா? நானூறு கிராமெல்லாம் ஒரு கணக்கா?"

"நாளைக்குள்ள எழுபத்து மூணு ஆகணும் அண்ணே."

"டாக்டர் கெடு வச்சிருக்காரா?"

"டாக்டர் பத்து வருஷமா சொல்றாரு. அவர் சொல்லி நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்?"

"பின்னே என்ன, சினிமாவுல சான்ஸ் வந்திருக்கா?"

கவுன்ட்டர்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மில்லுவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் கீரையும் ஒரு துண்டு கோழியும். சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை எதையும் தொடுவதில்லை. பசிகூடப் பழகிவிட்டது. பழகாதது இந்த நாலு மணிதான். நின்று நின்று முழங்கால் கடுக்கும். பார்சல் மேலிருக்கும் முகவரிகள் கண்ணில் கலங்கும். கை தானாக டிராயரைத் திறக்கும். உள்ளே வெள்ளரித் துண்டுகளும், எண்ணி வைத்த பத்து பாதாம் பருப்பும் இருக்கும்.

'கடவுளே, இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் தாண்ட வச்சுடு.' தினமும் அவளுக்கு இதே பிரார்த்தனை. அவரும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் தெம்பு கொடுத்து அனுப்பினார்.

இன்றைக்குச் சோதனை அட்டைப் பெட்டியில் வந்திருந்தது. அண்ணனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அதற்காகக் கேக்.

"ஒரே ஒரு துண்டு எடுத்துக்கோம்மா. இதுல என்ன குடியா முழுகிடும்?"

"வேண்டாம் அண்ணே. பேத்தி நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். அடுத்த வாரம் வந்து ரெண்டு துண்டா கேட்டு வாங்கிக்கறேன்."

"அப்படி என்னதான் இருக்கு நாளைக்கு?"

மில்லு டிராயரைத் தள்ளி மூடினாள்.

"ஒருத்தர் எனக்காகக் காத்துட்டிருக்காங்க. ரெண்டு தடவை கிளம்பிப் போய் நின்னேன். ரெண்டு தடவையும் என் உடம்பாலதான் காரியம் கெட்டுது. அவங்க ஒரு வார்த்தை சொல்லலை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு அழுதாங்க. மூணாவது தடவை அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை."

"உன்னைக் குண்டுன்னு நினைச்சு அழற ஆளு யாரு? வீட்டுக்காரரா? போகச் சொல்லும்மா அந்த ஆளை!"

"அவரு பாவம். அவரு என்னைவிடக் குண்டு."

இந்த முறை மூன்று பேருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அண்ணன் ஒரு காகிதத் தட்டை அவள் கையில் திணித்துவிட்டார். வெண்ணெய் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. பதினோரு வாரத்து அலுப்பும் ஒன்றாகத் திரண்டு, 'சாப்பிடேன், யாருக்குத் தெரியப்போகுது?' என்றது. அவள் விரல் க்ரீமைத் தொட்டுவிட்டது.

தொட்ட விரலைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்தாள்.

அண்ணன் அதைப் பார்த்தார். தட்டைத் திரும்ப வாங்கினார். பெட்டியை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு அவளுடைய டிராயரிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தார்.

"பச்சைத் தண்ணியை மென்னு தின்ன மாதிரி இருக்கு. இதையா பதினோரு வாரமா தின்னுட்டிருக்கே?" என்றவர், இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார்.

கேக்கை அவர் தானும் சாப்பிடவில்லை என்பதை மில்லு வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை, ஒரு பழைய கட்டடத்தின் நாலு மாடியையும் படியேறி, மூச்சு வாங்க ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள். முந்தின இரவு சாப்பாடு இல்லை. காலையில் வெறும் கறுப்புக் காப்பி. எடை எத்தனை என்று தெரியாது. அலுவலகத்துத் தராசுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கைப்பை, கடிகாரம், வளையல், செருப்பு எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"வேண்டாம்டி," என்றது பக்கவாதத்தில் குழறிப்போன ஒரு குரல். "மறுபடியும் அசிங்கப்படாதே."

"சும்மா இரு. கண்ணை மூடிக்கோ. என் கையைப் பிடிச்சுக்கோ."

அந்தக் கட்டடத்தின் குட்டி லிஃப்ட் தாங்குவது நூற்றைம்பது கிலோ: சக்கர நாற்காலி பதினெட்டு, அதில் உட்கார்ந்திருந்த அக்கா ஐம்பத்தொன்பது, தனியாக ஏறப் பயந்து வேறு யார் கையையும் பிடிக்க மறுத்த அந்த அக்காவோடு நிற்கத் தங்கைக்கு மிச்சம் எழுபத்து மூன்று. கதவு மூடியது, எடை கூடியதென்று முன்பு இரண்டு முறை அலறிய மணி இன்று வாய் திறக்கவில்லை. ஏழு வயதில் காலை ஒடித்துக்கொண்ட தங்கையை ஒரு வருஷம் முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள், மாடியிலேயே முடங்கிக் கிடந்த எட்டு மாதத்துக்குப் பிறகு, பார்க்க ஒருவரும் இல்லாத அந்தச் சின்னப் பெட்டிக்குள், தங்கையின் கையைப் பிடித்தபடி தெருவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாள்.