கால்மாட்டுப் போர்வை

“சாஜனுக்கு வெங்காயம் ஆகாது, ஆன்ட்டி” என்றபடி மானசா தட்டிலிருந்த வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தாள்.

இருதயமேரியின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. சாஜன் அவள் பெற்ற மகன். மூன்று மழைக்காலத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான்.

ஏழு வயது மானசா இந்த வீட்டுக்கு வளர வந்த பிள்ளை. காப்பகத்திலிருந்து அவளை வளர்ப்புக்கு விட்டிருந்தார்கள். ஒத்துப்போனால் பிறகு சட்டப்படி தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அவள் வருவதற்கு முந்தின நாளே சாஜனின் படத்தை இறக்கி, டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள் மேரி. வந்த பிள்ளை மேல் போன பிள்ளையின் நிழல் விழக் கூடாது, அவன் பெயரையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று புருஷன் லாசரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“ஒனக்கு யாருட்டி சொன்னா?”

மானசா தலையைக் குனிந்துகொண்டாள்.

தாராவியில் வாய்க்கா பஞ்சம், எவளாவது சொல்லியிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள் மேரி. அந்தத் தேறுதல் மறுநாள் குழாயடி வரைக்கும்தான் தாங்கியது. பக்கத்து வீட்டுச் சுயம்புகனி குடத்தை வைத்துவிட்டு நெருங்கி வந்தாள்.

“லாசர் அண்ணனுக்கு நைட் டூட்டி மாறிட்டா, மேரி? ராத்திரியானா ஒங்க வீட்டுல ரெண்டு பேரு பேசுத சத்தம் கேக்கு.”

“அவரு எங்க இருக்காரு? நானும் பிள்ளையுந்தான். படுத்தா எனக்கு விடிஞ்சாத்தான் முழிப்பே.”

“அப்போ பிள்ள யாருகூடப் பேசுது?”

மேரி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மகன் போனதிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லாதவள் அவள். மானசா வந்த பிறகுதான் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறாள். அந்த நேரத்தில் இவள் யாருடன் பேசுகிறாள்?

கோயிலில் மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்து பிள்ளையின் நெற்றியில் தடவினாள். சாஜனின் ஆத்துமம் இளைப்பாறப் பூசை வைத்தாள். “சின்னப்பிள்ள பேச்சப் போயி பெருசு பண்ணுதியே” என்று லாசர் சிரித்தார். லீவு நாளில் மச்சில் ஏறிப் படுத்தால் இடி விழுந்தாலும் எழாத மனுஷன், அவருக்கு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் பாய் விரித்தபோதுதான் அது நடந்தது. சுவரோரத்தில், யாரும் படுக்காத இடத்தின் கால்மாட்டில், மானசா ஒரு போர்வையை மடித்து வைத்தாள்.

“அது யாருக்கு?”

“சாஜனுக்குக் கால் குளிரும்ல.”

மேரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ‘கால் குளிருதும்மா.’ ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாஜன் கடைசியாகச் சொன்னது அதுதான். லாசர் டூட்டியிலிருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, லாசரிடம்கூட.

செத்தவன் வந்து போகிறான். அதுவும் பெற்றவளை விட்டுவிட்டு, நேற்று வந்தவளிடம் வந்து பேசுகிறான். பயம் ஒரு பக்கம் என்றால், இந்த நினைப்பு இன்னொரு பக்கம் அவளைப் போட்டு வாட்டியது.

அந்த வாரமே காப்பகத்திலிருந்து ஸ்மிதா மேடம் வந்தாள். மாட்டுங்காவில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், நல்ல மாதிரி.

“எல்லாம் ரொம்ப நன்னா போயிண்டிருக்கு. மானசாவைத் தத்தெடுத்துக்கறேளா? உங்க ரெண்டு பேர் வார்த்தைதான் பாக்கி.”

லாசர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மேரி மூலையைக் கை காட்டினாள். அங்கே மானசாவின் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

“கூட்டிட்டுப் போயிருங்க, மேடம். பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. வந்து இம்புட்டு நாளாச்சு, ஒரு தடவ அம்மான்னு கூப்பிடல, ஆன்ட்டிதான். அதக்கூடப் பொறுத்துக்கிடுவேன். ஆனா செத்துப்போன எம் மகன் இவகிட்ட வந்து பேசுதான். எனக்குப் பயமா இருக்கு.”

மேரி நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். ஸ்மிதா தரையில் மானசாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சாஜன் உன்கிட்ட வந்து பேசறானா, கண்ணா?”

இல்லையென்று தலையாட்டினாள் மானசா.

“அப்போ வெங்காயம், கால் குளிரறது, இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?”

மானசா துணிப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே மேரியை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆன்ட்டிதான்.”

“நானா? நான் எப்பம் சொன்னேன்?”

“தூக்கத்துல. ‘சாஜன், சாஜன்’னு கூப்பிடுவீங்க. ‘வெங்காயத்த எடுத்துட்டேன், சாப்பிடுலே’ன்னு சொல்லுவீங்க. அப்புறம், ‘இன்னும் கால் குளிருதா மக்கா’ன்னு கேட்டுக் கேட்டு அழுவீங்க.”

மேரி மானசாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்போ... எனக்குப் பதில் சொன்னது யாரு?”

தப்புச் செய்து அகப்பட்டுக்கொண்டவளைப்போல மானசா மறுபடி தலையைக் குனிந்தாள்.

“நான்தான்... ‘குளிரலம்மா, நீ தூங்கும்மா’ன்னு சொல்லுவேன்.”