ராஜகுளத்துக் கனகா

"டீச்சராண்ட சொல்லாதன்னு போட்டுக்கீது டீச்சர். அதான் மெதுவா சொல்றேன்."

அம்முலு காதோடு காதாகச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திலகாவின் பக்கம் திருப்பி வைத்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. முகமெல்லாம் சிரிப்பு.

திலகா படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்புலிவனம் ஏரிக்கரைக்கு வா. உனக்குப் புது கிளிப் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் மாமா வண்டியில் வந்து கூட்டிக்கொள்வார். அவரைப் பார்த்துப் பயப்படாதே. வீட்டில் சொல்லாதே. டீச்சரிடமும் சொல்லாதே. இப்படிக்கு உன் தோழி கனகா.

திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

கனகா ராஜகுளத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். மெயில் எழுதப் பழகட்டும் என்று ஆடி மாதத்திலிருந்து வகுப்பே அவளுக்குத்தான் எழுதுகிறது. எங்கள் ஆடு குட்டி போட்டது, மழை வந்து கூரை ஒழுகுகிறது, எதுவானாலும் கனகாவுக்குப் போய்விடும். அவள் ஒருத்தர் விடாமல் பதில் போடுவாள். கூடவே ஒரு கேள்வியும் வைப்பாள். தவளை ஏன் மழைக்குக் கத்துகிறது, நெட்டில் தேடிப் பார்த்துச் சொல் என்பாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் பிள்ளைகள் தேடவே கற்றுக்கொண்டன. அந்தப் பொண்ணுக்கு வேற வேலையே கெடையாதா என்று ஜெகன் ஒருநாள் கேட்டான். உனக்கு ஒத்த வரிதானே போடுது, அந்த வயித்தெரிச்சல் என்று மற்றதுகள் அவனை ஓட்டித் தீர்த்தன.

அம்முலுவுக்கு மட்டும் பதில் நீளமாக வரும்.

நீ பதில் போட்டாயா என்று திலகா கேட்டாள்.

"போட்டுட்டேன். செவப்பு கவுன் போட்டுக்கினு வரேன்னு."

திலகா அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் வரும்வரை இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றாள். பிள்ளை முகம் சுருங்கிப்போயிற்று. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பார்த்தது.

ஹெச்.எம். பஞ்சாட்சரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கே முகம் மாறிவிட்டது. ஆனால் அவர் சொன்ன யோசனை யாரும் சொல்லக்கூடியதுதான். ராஜகுளத்து டீச்சருக்குப் போன் போட்டு, அந்தப் பிள்ளைதான் எழுதியதா என்று விசாரிக்கச் சொன்னார்.

திலகா வராந்தாவுக்கு வந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கனகா என்று ஒரு பிள்ளை கிடையாது. தன் பிள்ளைகளை எழுதவைக்கிறேன் என்று ஒத்துக்கொண்ட ராஜகுளத்து டீச்சர் பிறகு போனையே எடுக்கவில்லை. பிள்ளைகள் அனுப்பிவிட்டு, வந்ததா வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தன. பதில் வராத இடத்துக்கு எந்தப் பிள்ளை இன்னொரு தடவை எழுதும்? திலகாவே கனகா ஆனாள். தவளைக் கேள்வி கேட்டதும் அவள்தான். அம்முலுவுக்கு நீளமாகப் பதில் போட்டதும் அவள்தான்.

இன்றைக்கு வந்த மெயிலை அவள் எழுதவில்லை.

போனைக் காதிலிருந்து எடுத்து, கனகாவின் மெயிலுக்குள் போகப் பார்த்தாள். கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கிறது என்று வந்தது. மறந்துவிட்டதா, உங்கள் எண்ணுக்கு ரகசியக் குறியீடு அனுப்பட்டுமா என்றும் கேட்டது. யோசிக்காமல் அழுத்திவிட்டாள். அழுத்திய பிறகுதான் கீழே காட்டியிருந்த கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தாள்.

அவள் நம்பர் இல்லை.

வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் தன் நம்பரைக் கொடுத்துத்தான் மெயில் திறந்து வைத்திருந்தாள். கனகாவின் முறை வந்தபோது இந்த எண்ணுக்கு இதற்குமேல் கிடையாது என்றுவிட்டது. சோறு போட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்த புருஷனிடம் நம்பர் கேட்டாள். இல்லாத பிள்ளைக்கு மெயிலா என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். அப்புறம் பல நாள் சாப்பிடும்போது, இன்னிக்கி பசங்க இன்னா எழுதிச்சு என்று அவனே கேட்டிருக்கிறான். அவளும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். எந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை என்பது உட்பட.

போன் அடித்தது. தினகரன். அவள் புருஷன்.

அம்முலுவைப் போகாதே என்று சொல்லிவிட்டால் இந்த ஞாயிறு தாண்டிவிடும். யாருக்கும் தெரியாது. வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். அம்முலு போக மாட்டாள். அடுத்த பிள்ளை?

போன் அடித்துக்கொண்டே இருந்தது. திலகா ஹெச்.எம். அறைக்குள் போனாள். ஸ்பீக்கரில் போட்டு, அவருடைய டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். பேச வேண்டாம் என்று அவருக்குக் கையைக் காட்டினாள்.

எதற்குக் குறியீடு வந்திருக்கிறது, எதற்கு இப்போது கனகா மெயிலைத் திறக்கிறாய் என்று தினகரன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டான்.

திலகா போனை ஹெச்.எம். பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

தினகரனின் குரல் இறங்கியது.

"இன்னா திலகா, அம்முலு எதுனா சொல்லிச்சா?"